விளாவுதல்

பத்து நாளாயிற்று அந்தச் சோப்பைப் பிரித்து.
மேலிருக்கும் எழுத்து இன்னும் தேயவில்லை.
தண்ணி வார்த்தாச்சா என்று கேட்டால்
"அப்பவே ஆச்சுங்க" என்கிறாள் துளசிமணி.
கொடியில் கிடக்கும் துண்டைத் தொட்டுப் பார்க்கிறேன்,
யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு.
அப்பளம் மாதிரி விறைத்திருக்கிறது.

அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு குழாய்.
உப்புத்தண்ணி எப்போதும் வரும், சோப்பு நுரைக்காது.
நல்லதண்ணி எட்டு நாளைக்கு ஒருதரம்,
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
அலாரம் இல்லாமல் எழுந்து
அண்டா, குடம், போசி, பால் தூக்கு வரைக்கும்
பிடித்து வைக்கிறவள் அவள்.
போன மாசம் குடிதண்ணிக் குடத்தைச் சாய்த்துக்
கால் கழுவிக்கொண்டிருந்தாள்.
"புத்தி எங்கடி போச்சு?"
சத்தம் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டேன்.

இருபத்தாறு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்.
டியூப் லைட்டுக்குக் கீழே நின்றபடி
நாளைக்கு அறுநூறு பீஸ்.
விட்ட தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை,
எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.
தப்பிருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித்
தள்ளி வைப்பாள்.
அவள்தான் இன்று நைட்டியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.
ஓவர்லாக் தையல் வெளியே.
சைஸ் லேபிள் கழுத்துக்குக் கீழே நாக்கை நீட்டுகிறது.
எதிர்வீட்டு ரேவதி பார்த்தாள்,
பார்க்காத மாதிரி கோலப்பொடி டப்பாவை மூடினாள்.

கண்ணாடியில் பொட்டு. ஒன்று, மூன்று, ஏழு.
ராத்திரி ஒட்டியதைக் காலையில் மறந்து
புதுசு எடுக்கிறாளா,
இல்லை, கண்ணாடிக்குள் இருக்கிறவள் நெற்றிக்குத்தான்
வைத்துவிடுகிறாளா.
கேட்கவில்லை.

நான் கண்டக்டராக இருந்தவன். காங்கயம், வெள்ளகோவில் ரூட்டு.
டிக்கெட் கணக்கு இடித்தால் தூக்கம் வராது.
பழைய டிரிப் ஷீட்டின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய்: பல் விளக்க என் ஷேவிங் கிரீம்.
வியாழன்: அதே ஜாக்கெட், நாலாம் நாள்.
வெள்ளி: தலைக்கு எண்ணெய் வைத்தாள். அலசவில்லை. மறுபடி வைத்தாள்.
ஞாயிறு: ஒன்றுமில்லை. கொள்ளுப் பருப்பு கடைந்தாள், உப்புச் சரியாக இருந்தது.
ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ரெண்டு கோடு அடிக்கோடிட்டேன்,
யாரோ வக்கீலிடம் காட்டப்போகிறவன் மாதிரி.

எழுதியதைப் படித்தால் வரிக்கு வரி சிவப்பு அம்பு.
கிழித்துப் போட்டேன்.
அப்புறம் குப்பையிலிருந்து பொறுக்கி ஒட்டினேன்.
டாக்டரம்மா கேட்பாங்களே.

ஓசூரிலிருந்து மகன்:
"எங்கிட்ட நல்லாத்தானப்பா பேசுது?"
பேசுவாள்.
போனில் துண்டு தெரியாது.

இன்றைக்குப் பத்தரைக்கு டோக்கன்.
கேஸ் அடுப்பில் காய வைத்துத் தூக்கி வந்தேன்.
நல்லதண்ணிதான், இன்றைக்காவது சோப்பு நுரைக்கட்டும் என்று.
போன வாரம் பச்சைத்தண்ணி கலக்காமல்
அப்படியே மொண்டு ஊற்றிக்கொண்டதில்
அவள் இடது தோளில் தோல் உரிந்திருக்கிறது.
அதைப் பார்த்தபடி பக்கெட் முன்னால் குந்தியிருந்தேன்.
முப்பத்துமூன்று வருஷம் எனக்கு விளாவி வைத்தவள்,
முழங்கை வரைக்கும் விட்டுப் பார்த்து.
அவளுக்கு எந்தச் சூடு பிடிக்கும் என்று
எனக்குத் தெரியவில்லை.

"கை வெச்சுப் பாரு கண்ணு" என்றேன்.
அந்தச் சொல் எங்கிருந்து வந்ததோ.
வைத்தாள்.
"சித்தெ பச்சத்தண்ணி ஊத்துங்க."
ஒரு சொம்பு ஊற்றினேன்.
"சித்தெ பச்சத்தண்ணி ஊத்துங்க."
ஊற்றினேன்.
"சித்தெ..."
சூட்டுக்குச் சொல்கிறாளா,
சொன்னது மறந்து சொல்கிறாளா,
நானும் கையை விட்டுப் பார்க்கிறேன்,
தெரியவில்லை.
பக்கெட் நிரம்பி வழிகிறது.
நல்லதண்ணி.
வழியட்டும்.